நாற்பதுக்கு இறங்காத அடுப்பு

இயந்திரங்களுக்கு என்னைக் கண்டால் பயம் என்று என் கணவர் சொல்வார். இது பாராட்டு இல்லை. காலையில் மிக்ஸி ஓடவில்லை என்று என்னைக் கூப்பிடுவார். நான் சமையலறைக்குள் கால் வைத்ததும் அது சர்ரென்று ஓடும். "உன்னைப் பார்த்ததும் நடிக்குது பாரு" என்பார். வீட்டு மிக்ஸி நடித்தால் சிரித்துவிட்டுப் போகலாம். என் பிழைப்பே இயந்திரங்களின் கோளாறைக் கண்டுபிடிப்பதுதான். நான் போகிற நேரத்தில் அவை நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தால் நான் எதைப் பிடிப்பது?

லேப் கருவிகளைப் பழுது பார்க்கும் இன்ஜினியர் நான். பதினெட்டு வருடமாக இதே வேலை. அதிலும் சூடு சம்பந்தப்பட்ட கோளாறு என்றால் ஆபீசில் யோசிக்காமல் என் தலையில் கட்டிவிடுவார்கள். வீடு செம்பாக்கத்தில். ஸ்கூட்டரின் முன்னால் டூல் பேக்கை வைத்துக்கொண்டு கிளம்பினால் தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம், பெரும்பாக்கம் என்று இந்தப் பக்கத்து லேப் எல்லாம் என் ராஜ்ஜியம். சுடவேண்டியது சுடாது, ஆறவேண்டியது ஆறாது, முப்பத்தேழு டிகிரியில் நிற்கவேண்டியது முப்பத்தொன்பதைத் தொடும். முக்கால்வாசி நேரம் காரணம் இயந்திரத்துக்குள்ளே இருக்காது. ஒரு தடவை தண்ணீர்த் தொட்டி சூடாகவே மாட்டேன் என்கிறது என்று அவசரமாக வரச் சொன்னார்கள். பிளக் சரியாக இருந்தது, சுவிட்சும் போட்டிருந்தது. ஆனால் அந்தச் சுவிட்ச் பக்கத்து மேசையில் இருந்த டேபிள் ஃபேனுக்கு. மூன்று நாளாக ஃபேன் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஃபேன் காற்று நன்றாகத்தான் இருந்தது.

கோபம் எனக்குச் சீக்கிரம் வரும். போவதும் சீக்கிரம் போய்விடும், ஆனால் அதற்குள் வாயிலிருந்து இரண்டு வார்த்தை விழுந்திருக்கும். கோவிலம்பாக்கம் லேபில் அப்படித்தான் விழுந்தது.

அது சின்ன லேப். ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே, முதல் மாடியில், ஆறே ஆறு பேர். முதலாளி ஐம்பது தாண்டியவர், கெமிஸ்ட்ரி படித்தவர், பல வருடம் மருந்துக் கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாகத் தொடங்கியிருந்தார். அங்கே ஒரு ஜி.சி. கருவி இருந்தது. மாத்திரை செய்யும்போது பயன்படுத்துகிற ஆல்கஹால் போன்ற கரைப்பான்கள் அந்த மாத்திரையில் மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு. அதற்குள் ஒரு சின்ன அடுப்பு உண்டு. ஒவ்வொரு மாதிரிக்கும் அந்த அடுப்பு நாற்பது டிகிரியில் தொடங்கி, மெதுவாக இருநூற்று நாற்பது வரை ஏறும். பிறகு முதுகுப் பக்கத்துத் தட்டியைத் திறந்து சூட்டையெல்லாம் வெளியே ஊதித் தள்ளிவிட்டு, அறைக் காற்றை உள்ளே இழுத்து, மறுபடியும் நாற்பதுக்கு இறங்கும். இறங்கினால்தான் அடுத்த மாதிரியை உள்ளே விடும். நம் ஊர் வெயிலுக்கு நாற்பது என்பதே குளிர்ச்சிதான், அதற்கே அந்த அடுப்பு மூச்சு வாங்கவேண்டும்.

"பேஜாரா இருக்கு மேடம்" என்று முதலாளி போனில் சொன்னார். "காலைல நல்லா ஓடுது. பன்னெண்டு, பன்னெண்டரைக்கு மேல நாற்பதுக்கு இறங்கவே மாட்டேங்குது. நாற்பத்தி நாலுல நிக்குது. க்யூல இருக்கற சாம்பிள் எல்லாம் அப்படியே கிடக்குது. சாப்ட்டுட்டு வந்து மறுபடி போட்டா ஓடுது."

"தினமுமா?"

"வாரத்துல நாலு நாள். ரிப்போர்ட் எல்லாம் லேட்டு. பார்ட்டிங்க போன் போட்டுத் திட்டறாங்க."

மதியத் தூக்கம் போடுகிற இயந்திரம் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டே நாளைக்கு வருகிறேன் என்றேன்.

முதல் தடவை போனபோது லேப் பளிச்சென்று இருந்தது. தரையில் முகம் தெரிந்தது. மேசையெல்லாம் துடைத்து, கருவிக்குப் பின்னால் சுவரை ஒட்டி இருந்த ஒரு மரப்பலகையைக்கூடத் துடைத்து வைத்திருந்தார்கள். அந்த ஜி.சி.யை ஓட்டுவது முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர். கழுத்தில் சின்னச் சிலுவை, நெஞ்சில் செருகிய இரண்டு பேனா. எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மூன்று மாதக் குறிப்பேட்டை எடுத்து முன்னால் வைத்தார். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு நின்றது, அப்போது அடுப்பு எத்தனை டிகிரி, அறை எத்தனை டிகிரி, ஏசி ஓடியதா, கரண்ட் போய் வந்ததா என்று எல்லாம் குண்டு குண்டான கையெழுத்தில் கோடு போட்டு எழுதியிருந்தது. என் ஆபீசில்கூட ஒருத்தரும் இப்படி எழுதி நான் பார்த்ததில்லை.

காலை பத்து மணியிலிருந்து மாலை வரை உட்கார்ந்திருந்தேன். அடுப்பு ஏறியது, இறங்கியது. சொல்லிவைத்த மாதிரி நாற்பதில் வந்து நின்றது. பன்னிரண்டரைக்கும் நின்றது, ஒன்றுக்கும் நின்றது. ஒரு மணிக்கு முதலாளி பிரியாணி வரவழைத்தார். லேபில் இருந்த எல்லோருக்கும்.

"மேடம் வர்றீங்கன்னா எங்களுக்கும் விருந்துதான்" என்று சிரித்தார்.

நான் சந்தோஷமாகச் சாப்பிட்டேன். கோளாறு ஒன்றும் கண்டுபிடிக்காமல் தயிர்ப் பச்சடியை இரண்டு தடவை கேட்டு வாங்கியது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. மெட்ரோ வேலைக்காக மெயின் ரோட்டைத் தோண்டிப்போட்டிருந்த சமயம் அது. மின்சாரம் ஏறி இறங்குவதால் இருக்கலாம் என்று ஸ்டெபிலைசரைச் சோதித்துவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் மதியமே போன். நின்றுவிட்டதாம்.

பத்து நாள் கழித்து மறுபடி போனேன். இந்தத் தடவை புது வெப்பநிலை சென்சாரும், பின்தட்டியைத் திறந்து மூடுகிற மோட்டாரும் கையோடு எடுத்துப்போய் இரண்டையும் மாற்றினேன். நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அடுப்பு நாற்பதைத் தொட்டுத் தொட்டுக் கும்பிடு போட்டது. பிரியாணி வந்தது. இந்தத் தடவை முட்டையோடு. முதலாளியிடம் சரியாகிவிட்டது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த நாள் பன்னிரண்டரைக்கு அடுப்பு நாற்பத்து நான்கில் நின்றுவிட்டதாகச் செய்தி வந்தபோது, மேடவாக்கம் சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் பச்சை விழுந்ததைப் பார்த்தேன்.

அன்று சாயந்திரமே லேபுக்குப் போனேன். முதலாளி தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு மெல்லிய குரலில் பேசினார்.

"மேடம், மெஷினைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லைன்னு நினைக்கறேன். அந்தம்மா வர்றதுக்கு முன்னாடி இந்தப் பிரச்சினையே இல்ல. மார்ச் கடைசியில சேர்ந்தாங்க, ஏப்ரல்ல ஆரம்பிச்சுது. நல்லவங்கதான். ஆனா சில பேருக்குக் கை ராசி இருக்கும், சில பேருக்கு இருக்காது இல்லையா?"

எனக்குச் சுரீரென்றது. கெமிஸ்ட்ரி படித்த மனிதர், சுவர் முழுக்கச் சான்றிதழ் மாட்டியிருக்கிறார், கை ராசி என்கிறார்.

"சார், ராசி பார்த்து ஓடற மெஷின் நாங்க விக்கறதில்ல" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. சொல்லியிருக்க வேண்டாம். ஆனாலும் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை.

"நான் கெட்டவன் இல்ல மேடம்" என்றார். "அவங்களுக்கு ஆறு மாசம் ட்ரையல். இந்த மாசத்தோட முடியுது. வேற ஒருத்தரைப் போட்டுப் பாக்கலாமான்னு இருக்கேன். ரிப்போர்ட் லேட்டாகி ரெண்டு பார்ட்டி வேற லேபுக்குப் போயிட்டாங்க. நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்க."

படியிறங்கும்போது அந்தப் பெண் பின்னாலேயே வந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்கும்போல. கல்யாணமாகி, குழந்தை பிறந்து, பதினோரு வருடம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பவும் வேலைக்கு வந்தவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. பெரும்பாக்கத்திலிருந்து தினமும் பஸ். வேலை தேடி ஏறி இறங்காத லேப் இல்லையாம். இத்தனை வருட இடைவெளியைப் பார்த்தவுடனே ஃபைலை மூடிவிடுவார்களாம்.

"இங்கதான் மேடம் சரின்னு சொன்னாங்க. இதுவும் போச்சுன்னா அப்புறம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. மெஷினைக் கெடுத்தவள்னு பேரும் சேர்ந்துக்கும்."

அழவில்லை. பஸ் நம்பர் சொல்கிற குரலில் சொன்னார். அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை.

"தப்பு உங்களுது இல்ல" என்றேன். "மெஷின்லதான் இருக்கு. நான் கண்டுபிடிச்சுக் காட்டறேன், பாருங்க."

வாய் கொடுத்தாகிவிட்டது. வீட்டுக்கு வந்து அந்தக் கருவியின் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். கணவர் எட்டிப் பார்த்து, "பரீட்சையா?" என்றார். ஆமாம் என்றேன். பரீட்சை எனக்கு இல்லை என்பதுதான் வித்தியாசம்.

அந்தப் பெண்ணின் ஆறு மாதம் முடிகிற நாள் சனிக்கிழமையாக வந்தது. அதுவும் புரட்டாசிச் சனிக்கிழமை. முதல் நாளே முதலாளிக்குப் போன் போட்டேன்.

"நாளைக்கு வர்றேன் சார். ஆனா பிரியாணி எல்லாம் வேண்டாம். புரட்டாசி, நான் கவிச்சி தொட மாட்டேன். சாப்பாடு கட்டி எடுத்துட்டு வந்துடறேன்."

"அட, ஆமா இல்ல. எங்க லேப்லயும் பாதிப் பேர் விரதம்தான். சரி மேடம், அப்ப நாளைக்கு அவங்கவங்க டிபன் பாக்ஸ்" என்றார். குரலில் இன்னும் பழைய சுருக்கம் இருந்தது.

சனிக்கிழமை காலை என் கணவர் புளியோதரை கிளறிக் கொடுத்தார். அவர் கிளறுகிற புளியோதரையில் வேர்க்கடலை கணக்கில்லாமல் இருக்கும், அந்த ஒரு விஷயத்தில் அவரோடு எனக்குச் சண்டையே வந்ததில்லை. கோவிலம்பாக்கம் போனதும் என் லேப்டாப்பைக் கருவியோடு இணைத்து, அடுப்பின் சூட்டை விநாடிக்கு விநாடி திரையில் ஓடவிட்டு, அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். இன்றைக்கு நீயா நானா பார்க்கலாம் என்று அடுப்பிடம் வாய்விட்டே சொன்னேன். அந்தப் பெண் சிரித்தார். சிரிப்பு கண்வரை போகவில்லை. முதலாளி அறை மேசையில் அந்தப் பெண்ணின் பெயர் எழுதிய ஒரு உறை இருப்பதை நாங்கள் இரண்டு பேருமே உள்ளே போகும்போது பார்த்திருந்தோம்.

பதினொன்றே முக்காலுக்கு அந்தப் பெண் கையில் ஒரு கம்பிக் கூடையோடு வந்தார். அதில் ஏற்கெனவே ஆறு டிபன் பாக்ஸ்.

"மேடம், உங்க பாக்ஸும் கொடுங்க. சூடு பண்ணித் தர்றேன்."

"புளியோதரைதாங்க. அதை யாரு சூடு பண்ணுவாங்க?"

"பரவால்ல மேடம், லேசா வெதுவெதுன்னு இருந்தா நல்லாத்தான் இருக்கும். எல்லாருக்கும் பண்றேன், உங்களுக்கு மட்டும் ஆறிப்போனதா?"

இவ்வளவு பிரியமாகக் கேட்கிறவரிடம் என்ன சொல்ல. பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தேன். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. பான்ட்ரியில் வைக்கிறார் என்று நினைத்தேன், சரியாகச் சொன்னால் நினைக்கக்கூட இல்லை. சாப்பாட்டு டப்பாவைப் பற்றி யார் நினைப்பார்கள்?

பன்னிரண்டு இருபதுக்கு ஒரு சாம்பிள் முடிந்தது. பின்தட்டி திறக்கும் சத்தம் கேட்டது. சூடு இருநூற்று நாற்பதிலிருந்து மளமளவென்று இறங்கியது. நூறு. எழுபது. ஐம்பது. நாற்பத்தாறு. நாற்பத்தைந்து. நாற்பத்து நான்கு. நாற்பத்து நான்கு. நாற்பத்து நான்கு.

"வந்துட்டியா!" என்று கத்திவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

துள்ளி எழுந்து கருவிக்குப் பின்னால் போனேன். குப்பென்று முகத்தில் அனல் அடித்தது. அனலோடு சாம்பார் வாசனை, வத்தக்குழம்பு வாசனை, அதற்கெல்லாம் மேலே எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெருங்காய வாசனை. சுவரை ஒட்டிய அந்த மரப்பலகையில் ஏழு டிபன் பாக்ஸ் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அடுப்பு ஊதித் தள்ளுகிற சூடு நேராக அவற்றின் மேல் பட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் இருந்தது என் வீட்டுப் பாக்ஸ்.

முதல் இரண்டு தடவையும் இந்தப் பலகை காலியாக இருந்தது. ஏன் காலியாக இருந்தது? நான் வருகிறேன் என்றால் பிரியாணி. பிரியாணி என்றால் யாரும் வீட்டிலிருந்து சாப்பாடு கட்டி வரமாட்டார்கள். சாப்பாடு இல்லை என்றால் பலகையில் டப்பா இல்லை, டப்பா இல்லை என்றால் கோளாறு இல்லை. என்னை உபசரித்தே கோளாறை என்னிடமிருந்து ஒளித்துவைத்திருக்கிறார்கள். நானும் பச்சடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்!

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பினால், அந்தப் பெண் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், திரையில் நாற்பத்து நான்கைப் பார்த்தார். படித்தவர், புரிய எவ்வளவு நேரம் ஆகும். முகத்தில் ரத்தமே இல்லை. என் சிரிப்பு நின்றுவிட்டது.

"மைக்ரோவேவ் ரிப்பேர் ஆயிடுச்சு மேடம், நான் சேர்ந்த மாசமே" என்றார். "எல்லாரும் ஆறிப்போனதைச் சாப்பிட்டாங்க. பின்னாடி கை வெச்சா இவ்வளவு சூடு சும்மா போகுதேன்னு... வெளிய போற சூடுதானே, வீணாத்தானே போகுதுன்னு நினைச்சேன். மொதல்ல ரெண்டு பாக்ஸ்தான் வெச்சேன். ஒண்ணும் ஆகல. அப்புறம் எல்லாரும் கொடுத்தாங்க."

வெளியே போகிற சூடுதான். ஆனால் அந்தக் கருவி ஆறுவதற்கான காற்றையும் அதே முதுகுப் பக்கமாகத்தான் இழுக்கிறது. டப்பாக்களில் முட்டிக்கொண்ட சூடு வெளியேற வழியில்லாமல் திரும்ப உள்ளேயே போயிருக்கிறது. ஒரு மணிக்குச் சாப்பாட்டை எடுத்ததும் எல்லாம் சரியாகியிருக்கிறது. நின்றுபோன நேரத்தையெல்லாம் நோட்டில் எழுதியவர், பலகையில் டப்பா இருந்ததை எழுதவில்லை. அது லேப் வேலை இல்லையே, சாப்பாடுதானே.

தப்பு உங்களுது இல்லை என்று படிக்கட்டில் நின்று வாக்குக் கொடுத்தவள் நான். இப்போது எதைக் காட்டுவது? பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. டப்பாவை எடுத்துவிட்டால் இனி அடுப்பு நிற்கப்போவதில்லை, யாருக்குத் தெரியப்போகிறது?

அதற்குள் அவர் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"மேடம், சும்மா பாத்துச் சொல்லக் கூடாது. ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கலாமா? எதனாலன்னு உறுதியாத் தெரியணும்."

நான் சொல்லியிருக்கவேண்டிய வார்த்தை அது. அடுப்பைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கிப் பார்த்தோம். டப்பாக்களை மொத்தமாக எடுத்தோம், நாற்பது. எல்லாவற்றையும் வைத்தோம், நாற்பத்து நான்கு. சின்ன டப்பாக்களை மட்டும் விட்டு வைத்தோம், கொஞ்சம் தாமதித்தாலும் நாற்பதுக்கு வந்துவிட்டது. காற்றை இழுக்கிற சல்லடைக்கு நேர் எதிரே ஒரு பெரிய மூன்றடுக்கு கேரியர் இருந்தது. அதை மட்டும் தனியாக வைத்தோம். நாற்பத்து மூன்றில் நின்றது, அசையவில்லை. நான் டப்பாவை வைத்து எடுக்க, அவர் எழுதினார். தன் வேலையைப் பறிக்கப்போகிற எண்கள் என்று தெரிந்தே, கோடு போட்டு, நேரம் போட்டு, புள்ளி விடாமல் எழுதினார். சாப்பாட்டு நேரம் தாண்டி மணி இரண்டாகியிருந்தது. பசித்த ஆட்கள் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

"ரிப்போர்ட்ல காத்து போற வழி அடைச்சிருந்ததுன்னு எழுதறேன்" என்றேன். "பொய் இல்ல. அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க."

"எது அடைச்சுதுன்னு கேப்பாங்க மேடம். ஆடிட் வந்தா கண்டிப்பா கேப்பாங்க." நோட்டை மூடினார். "நானே போய்ச் சொல்லிடறேன். நீங்க கூட மட்டும் வாங்க."

முதலாளி அறையில் அந்தப் பெண் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

"சார், ஆறு மாசமா மெஷின் நின்னது என்னாலதான். பின்னாடி வர்ற சூட்டுல எல்லாருக்கும் சாப்பாடு சூடு பண்ணேன். காத்து போக வழி இல்லாம அடுப்பு எறங்கல. தெரியாமத்தான் செஞ்சேன், ஆனா செஞ்சது நான்தான். எல்லாம் இதுல எழுதியிருக்கேன்."

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டை வாங்கி வரி வரியாகப் படித்தார். கை ராசி பேசியவராக அப்போது தெரியவில்லை, கெமிஸ்ட்ரிக்காரராகப் படித்தார்.

"ஏழாவது டப்பா யாருது?" என்றார்.

"என்னுது சார்" என்றேன். "புளியோதரை."

யாரும் சிரிக்கவில்லை.

"இந்த மூணடுக்கு கேரியர்..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். அந்தப் பெண் தரையைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த சான்றிதழைப் பார்த்தேன். அவர் எழுந்து எங்களைத் தாண்டி லேபுக்குள் போனார். கருவிக்குப் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, தன் மனைவி கட்டிக் கொடுத்த கேரியரைக் கையில் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து மேசையில் வைத்தார். அந்த உறைக்குப் பக்கத்திலேயே வைத்தார்.

"ஆறு மாசமாச் சுடச்சுடச் சாப்பிடறேன்" என்றார். "மைக்ரோவேவ் ரிப்பேர்னு எனக்குத் தெரியும். நான்தான் அப்புறம் பாக்கலாம்னு தள்ளிப் போட்டேன். சாப்பாடு எப்படிச் சூடா வருதுன்னு ஒரு நாள்கூடக் கேக்கல."

என்னைப் பார்த்தார். "அன்னைக்கு நீங்க சொன்னது சரிதான் மேடம். ராசின்னு சொன்னது தப்பு. படிச்சு என்ன பிரயோஜனம்."

எனக்கு இதற்குமேல் அவரிடம் கோபம் வைக்கத் தெரியவில்லை. என் ரிப்போர்ட் படிவத்தைக் கேட்டு வாங்கினார். காரணம் என்ற இடத்தில் தன் கையாலேயே, காற்று வழியில் உணவு டப்பாக்கள், முக்கியமாக நிர்வாகியின் கேரியர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே, மைக்ரோவேவ் இன்றே வாங்கப்படும் என்றும் எழுதினார். சர்வீஸ் ரிப்போர்ட்டில் அப்படி ஒரு வரியை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. பிறகு எல்லாம் முடிந்த மாதிரி, "போங்க, சாப்பிடுங்க, ரெண்டரை மணி ஆச்சு" என்றார்.

அந்தப் பெண் நகரவில்லை. கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றார்.

"சார், திங்கக்கிழமை நான் வரட்டுமா, வேணாமா?"

அவர் ஒரு கணம் விழித்தார். அந்தக் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது என்பதே அவருக்கு அப்போதுதான் உறைத்தது. உறையை எடுத்தார். பிரிக்கவில்லை, குறுக்கே கிழித்து மேசைக்கடியில் போட்டார். கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு விரலால் தட்டித் தட்டி வேறொரு கடிதம் அடித்தார். அடித்து முடிக்கப் பத்து நிமிடம், எங்களுக்கு அது பத்து வருடம் மாதிரி. பிரிண்டரிலிருந்து அவரே எடுத்து, கையெழுத்திட்டு நீட்டினார்.

"தன் தப்பை இவ்வளவு சுத்தமா எழுதற ஆளு எனக்கு எங்க கிடைப்பாங்க?" என்றார்.

அந்தப் பெண் இரண்டு கையாலும் வாங்கி, நின்றபடியே முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார். தேதி சரியாக இருக்கிறதா என்றுகூடப் பார்த்தார். பிறகு நன்றி சார் என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனார். நானும் வந்தேன். எனக்குக் கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. பதினெட்டு வருடத்தில் எத்தனையோ இயந்திரத்தை ஓடவைத்திருக்கிறேன், இந்தச் சந்தோஷம் எதிலும் வந்ததில்லை.

படிக்கட்டுத் திருப்பத்தில் அவர் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். கடிதத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். இன்றோடு அம்மா வேலை முடிகிறது, திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு அம்மாதான் கொண்டுவந்து விடுவாள் என்று வீட்டில் ஏற்கெனவே பேச்சாகியிருக்கும்போல.

"இல்லடி செல்லம், அப்பாதான் விடுவாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிரிப்பும் அழுகையுமாகக் குரல் உடைந்தது. "அம்மா திங்கக்கிழமை வேலைக்குப் போறேன். அதுக்கு அடுத்த திங்கக்கிழமையும் போறேன்."